நெஜ வாழ்க்கைக் கதை, சுயசரிதை ஏதாவது சொல்லுங்க

நாவலா படிச்சு போரடிச்சிருச்சுங்க, நெஜமா வாழ்ந்தவங்க எழுதுனது தமிழ்ல நல்லதா சொல்லுங்களேன், தலைவருங்க தற்பெருமை புக்கு மட்டும் வேணாம் ப்ளீஸ்.

புத்தகப்புழு: உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' தான் மொதல்ல. 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, 1942ல அவர் காலமாகவும் பாதியிலயே நின்னுருச்சு. சைஸ பாத்து பயந்துராதீங்க, கும்பகோணத்துல முன்சீப்பா (நீதிபதி) இருந்த சேலம் ராமசாமி முதலியார பாக்கப் போயி, தான் படிச்சத எல்லாம் வரிசையா இவர் சொல்ல சொல்ல அவர் அசரவே மாட்டாரு, கடைசில சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு மடக்குவாரு பாருங்க, செம இடம் அது!

தென்றல்: பாமாவோட 'கருக்கு', 1992ல வந்தது. கன்னியாஸ்திரி மடத்த விட்டு வெளிய வந்தப்புறம் எழுதுனது, ஊர்ப்பேச்சு அப்படியே இருக்கும், சின்ன புக்குதான் ஆனா படிச்சிட்டு தூக்கம் வராது.

மருதைக்காரன்: கே.ஏ.குணசேகரன் 'வடு'வ விட்டுட்டீங்களே. நாட்டுப்புறப் பாட்டுக்காரர், சாதிக் கொடுமையக்கூட பொலம்பாம சொல்லிருப்பாரு.

கேட்டவன்: நன்றிங்க. உ.வே.சா. ஆன்லைன்ல கெடைக்குமா?

புத்தகப்புழு: மதுரைத் திட்டம் சைட்ல ஃப்ரீயாவே இருக்கு பாஸ்.