விழித்திரைத் தமனி அடைப்பு: ஆக்சிஜன் அறைக்குள் போய் வந்த அனுபவம்

எனக்கு 61 வயது. காலையில் பல் துலக்கும்போது வலது கண்ணில் திரை விழுந்ததுபோல இருண்டது. வலி துளிகூட இல்லை, அதனால் பயமும் வரவில்லை. முகம் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன். அப்படிப் போன இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. மகள் வந்து இடது கண்ணை மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள். வெளிச்சம் தெரிந்தது, கை தெரியவில்லை.

மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். விழித்திரை வெளுத்துப்போய், நடுவில் மட்டும் செர்ரிப்பழம்போலச் சிவப்பாக ஒரு புள்ளி. "இது கண்ணுக்கு வந்த பக்கவாதம்" என்றார். ஏழாவது மணி நேரத்தில் ஆக்சிஜன் அறைக்குள் இருந்தேன்.

தமனியில் உள்ள அடைப்பை ஆக்சிஜன் எடுக்காது. எனக்கு அடைத்திருந்தது விழித்திரையின் மையத் தமனி, உள்ளடுக்குகளுக்கு ரத்தம் தருவது அதுதான். வெளியடுக்குகளுக்கு, அவற்றின் பின்னால் இருக்கும் கோராய்டு படலம் தருகிறது, இந்த அடைப்பில் அது பொதுவாக அடைபடுவதில்லை. அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே அது நிறையக் கரைந்து, கோராய்டிலிருந்து உள்ளே ஊறிப் போகிறது. தமனி மறுபடி திறக்கும்வரை செல்கள் உயிரோடு இருக்கத்தான் இத்தனை பாடும்.

பருத்தி உடை மட்டும்தான். எண்ணெய், கைக்கடிகாரம், செல்போன் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும் அபாயம். அழுத்தம் ஏறும்போது காது அடைத்தது. எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இரண்டு மடங்குக்குச் சற்று மேல் காற்றழுத்தம், 90 நிமிடம். மூன்றாவது முறை உள்ளே இருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பது வலது கண்ணில் நிழலாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன். இப்போது விரல்களை எண்ண முடிகிறது, பெரிய எழுத்துகள் தெரிகின்றன. நடுப்பகுதி இன்னும் மங்கல்தான்.

•

நீங்கள் கொடுத்துவைத்தவர் ஐயா. என் அம்மாவை நாங்கள் மூன்றாம் நாள்தான் கூட்டிப்போனோம். கண்புரை என்று நினைத்துவிட்டோம். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவே இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே அம்மாவுக்கு நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, தலை சீவினால் நோவு. நாங்கள் பல்வலி என்று விட்டுவிட்டோம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகம். தமனிச் சுவரே வீங்கியிருந்ததாம். உடனே ஸ்டீராய்டு ஏற்றினார்கள், இன்னொரு கண் பிழைத்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அறிகுறிகளோடு பார்வை போனால் மருத்துவரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

•

நான் அழுத்த அறையில் செவிலியர். எல்லோருக்கும் பார்வை திரும்புவதில்லை, உள்ளே அனுப்பும்போதே இதைச் சொல்லிவிடுவேன். சோகன் சிங் ஹேரே என்ற கண் மருத்துவர் குரங்குகளில் செய்த ஆய்வில், 97 நிமிட அடைப்பு வரை விழித்திரை தாங்கியது, 240 நிமிடத்தில் பெரும்பகுதி மீளாமல் சேதமானது. மனிதர்களுக்கு அடைப்பு சில நேரம் முழுமையாக இருக்காது, சிலருக்கு விழித்திரைக்குத் தனியாக ஒரு சிறு தமனி ஓடும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் வந்தால் முயன்று பார்க்கிறோம். நுரையீரல் பிரச்சினை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மார்புக்குள் காற்று கசிந்திருந்தால் அந்த அழுத்தம் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஐயா, இதயத்தையும் கழுத்து ரத்தக்குழாயையும் பார்த்துவிட்டார்களா? கண்ணில் அடைத்த ரத்தக்கட்டி அங்கிருந்து கிளம்பியதாக இருக்கலாம், அடுத்தது மூளைக்குப் போகலாம்.

•

பார்த்துவிட்டார்கள் அம்மா. இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தது. எனக்கே தெரியாது. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.