வீட்டில் தோட்டா மறுநிரப்பல்: கவனத்தை நம்புவதா, முறையை நம்புவதா?

புதுக்கை:
வணக்கம். டெக்சஸில் வசிக்கிறேன். காகித இலக்குப் பயிற்சிக்காக .38 ஸ்பெஷல், 9 மி.மீ. என்ற இருவகைத் தோட்டாக்களையும் வீட்டிலேயே ரீலோடிங் செய்யலாம், அதாவது சுட்ட கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்பலாம் என்று, சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கராஜில் மேசை தயார். கைப்பிடியை இழுக்க இழுக்கக் கூடுகளை நிலை நிலையாக நகர்த்தித் தோட்டாவாக முடித்துத் தரும் புரோகிரசிவ் பிரஸ் ஒன்றை வாங்கும் எண்ணம் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை என்பதால், காதில் ஐபிஎல் வர்ணனையை ஓடவிட்டுக்கொண்டு செய்யலாமா என்று கிளப்பில் கேட்டேன். ஒருவர் கூடவே கூடாது என்றார். இன்னொருவர், பிரஸ்ஸில் வெடிமருந்தின் அளவைச் சரிபார்க்கும் டை (பிரஸ்ஸில் பொருத்தும் துணைக்கருவி) இருந்தால் எதைக் கேட்டாலும் பாதகமில்லை என்றார். இங்குள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெள்ளைத்தாடி:
கூடாது, தம்பி. இந்த வேலையில் பிழை சத்தம் போடுவதில்லை என்பதே காரணம். கைப்பிடி எப்போதும் போலத்தான் இறங்கும். குண்டு எப்போதும் போலத்தான் அமரும். மருந்து இரண்டு முறை விழுந்து துப்பாக்கியையே உடைக்கக்கூடிய தோட்டாவும், மருந்தே விழாத தோட்டாவும், நல்ல தோட்டாவும் பெட்டியில் ஒரே மாதிரி பளபளக்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் .38 ஸ்பெஷல் இதற்கு மோசமான உதாரணம். அது 1898-இல் கருமருந்துக் காலத்தில் வந்த கூடு. அடர்த்தி குறைந்த அந்த மருந்து நிறைய கொள்ள வேண்டும் என்பதற்காக நீளமாகச் செய்யப்பட்டது. இன்றைய வேகமான புகையில்லா மருந்தில் இலக்குப் பயிற்சித் தோட்டாவுக்கு மூன்று, நான்கு கிரெயின் அளவே போகிறது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பதை நினைவில் கொண்டால், அது கால் கிராமை ஒட்டிய சிட்டிகை மட்டுமே என்பது விளங்கும். கூட்டின் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலமாக அது கிடக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் பாதிக் கூடு காலியாகவே இருக்கும். அந்தப் படலத்தின் உயரம் சற்றுக் கூடியிருக்கிறதே என்று பார்க்க வேண்டிய கண், கடைசி ஓவரில் எத்தனை ரன் தேவை என்ற நினைப்போடு பார்த்தால் எதைப் பார்க்கும்?

தரக்கட்டுப்பாடு:
ஐயா சொல்லும் ஆபத்து முழுக்க உண்மை. கவனம்தான் மருந்து என்று அவர் தரும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'கவனமாக இரு' என்ற பலகையை மாட்டுவதால் எந்தப் பிழையும் குறைந்ததில்லை. அமைதியான அறையில், கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனின் மனமும் இருநூறாவது இழுப்பில் எங்கோ போய்விடும். போனதே அவனுக்குத் தெரியாது. மனம் அலையும் என்பதை ஏற்றுக்கொண்டு, அலையும் நேரத்திலும் பிழை அடுத்த நிலைக்கு நகர முடியாதபடி வேலையை அமைப்பதே பாதுகாப்பு. ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ தொழிற்சாலைகளுக்குச் சொன்ன 'பொக்க-யோக்கே' (பிழை தவிர்ப்பு) முறையின் சாரம் இதுதான்.

மருந்து விழும் நிலைக்கு அடுத்த நிலையில் லாக்-அவுட் டை என்ற ஒன்றைப் பொருத்தலாம். கூட்டுக்குள் ஒரு கம்பி இறங்கும். மருந்தின் உயரம் மிகக் கூடினாலோ, மருந்தே இல்லாமல் போனாலோ பிரஸ்ஸே பூட்டிக்கொள்ளும். நான் கனவு கண்டுகொண்டிருந்தாலும் அது பூட்டும்.

வெள்ளைத்தாடி:
பூட்டும், சரியாகப் பொருத்தி, நாம் பயன்படுத்தும் மருந்துக்கு ஏற்றபடி அமைத்திருந்தால். அந்தக் கம்பியில் அழுக்குப் படிந்தாலோ, நேற்று 9 மி.மீ.-க்கு வைத்த அமைப்பை மாற்ற மறந்து இன்று .38-ஐ ஓட்டினாலோ, பூட்டு இருக்கிறது என்ற தைரியம்தான் மிச்சம். சிறிய ஏற்றத்தாழ்வை அது பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விமானிகளிடம் ஒரு விதி உண்டு. 1974-இல் சார்லட் நகருக்கு அருகே, தரையிறங்கும் வேளையில் விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தபோது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, 1981-இல், பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது பறத்தலுக்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும் விமானி அறையில் கூடாது என்று அமெரிக்க விமானத் துறை சட்டமாக்கியது. மருந்து விழுவதில் தொடங்கி குண்டு அமர்வது வரையிலான நேரம் நமக்கு அந்தப் பத்தாயிரம் அடி. கூடுகளைத் துடைக்கும்போதும், தரம் பிரிக்கும்போதும் வர்ணனை கேளுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்?

தரக்கட்டுப்பாடு:
அதே விமானத் துறை பேச்சைத் தடைசெய்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லையே, ஐயா. தரையை நெருங்குகிறாய் என்று கத்தும் கருவியையும் விமானத்தில் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுத்தது. பல்லாயிரம் மணி நேரம் பறந்தவரையும் அந்தப் பட்டியலைப் படிக்கச் சொல்வது, அவருடைய கவனத்தின் மேல் யாரும் பந்தயம் கட்டத் தயாராக இல்லை என்பதால்தான்.

சுழல்துப்பாக்கி:
பல வருடங்களாக .38 மட்டுமே நிரப்புகிறேன். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை. பிரஸ், டை என்பதற்கு முன்னால் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில மருந்துகள் பொசபொசவென்று இடத்தை அடைக்கும். சரியான அளவிலேயே கூட்டின் பாதிக்கு மேல் நிறையும். அப்படிப்பட்டதில் இரண்டாம் முறை விழுந்தால் வாய் வழியாகப் பொங்கி, கூடுகளைத் தாங்கும் ஷெல் பிளேட்டெல்லாம் கொட்டும், தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான். அடர்த்தியான மருந்துகள் ஒரு பவுண்டில் அதிகத் தோட்டா தரும் என்பதால் சிக்கனமானவை. அந்தச் சிக்கனத்துக்காக எச்சரிக்கையை விற்றுவிடுகிறோம். 9 மி.மீ. சிறிய கூடு, இரட்டை அளவு அதில் அடங்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மிக அடர்த்தியான சில மருந்துகளில் அங்கும் அடங்கிவிடும்.

புதியவர் முதலில், ஓர் இழுப்பில் ஒரே வேலையைச் செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ் வாங்கட்டும். துளைப் பலகையில் ஐம்பது கூடுகளை நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்தைப் போட்டுவிட்டு, குண்டு வைக்கும் முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்கட்டும். ஐம்பது கிணறுகளை ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பது போல. நீர்மட்டம் மாறிய கிணறு அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும்போது தானாகத் தெரியும். புரோகிரசிவ் பிரஸ்ஸில் இந்த ஒப்பீடு கிடையாது. ஒவ்வொரு கூடும் தனியாக வந்து தனியாகப் போகிறது.

தரக்கட்டுப்பாடு:
நண்பர் தன்னை நடுநிலை என்கிறார்; சொல்வதெல்லாம் என் கட்சி. பொங்கி வழியும் மருந்தும், ஒப்பிட்டுக் காட்டும் பலகையும் கவனத்தின் பாரத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள் தானே?

வெள்ளைத்தாடி:
டார்ச்சைப் பிடித்துப் பார்க்கிறவன் யார்? ஏற்பாடா?

புதுக்கை:
ஐயா, அண்ணா, இருவரும் பொறுத்தருள வேண்டும். ஒரு சந்தேகம். பிழை நேர்ந்துவிட்டதோ என்று தோன்றினால், முடிந்த தோட்டாக்களைத் தராசில் போட்டுக் கண்டுபிடித்துவிட முடியாதா?

தரக்கட்டுப்பாடு:
முடியாது, நம்பவே வேண்டாம். பல நிறுவனங்களின் கூடுகள் கலந்திருந்தால் கூட்டுக்குக் கூடு சில கிரெயின் எடை வேறுபடும். குண்டிலும் சிறிது வேறுபாடு இருக்கும். நீங்கள் தேடும் மருந்தின் மொத்த எடையே அந்த வேறுபாட்டின் அளவுதான். மருந்தே இல்லாத தோட்டா, கனமான கூட்டின் புண்ணியத்தில் நல்ல தோட்டாவின் எடையைக் காட்டிவிடும். சந்தேகம் வந்த தொகுப்பைக் குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரிப்பதே வழி. அலுப்பான வேலைதான், அந்த அலுப்பு நினைவிருந்தால் அடுத்த முறை சந்தேகத்துக்கு இடம் வைக்க மாட்டோம்.

தராசு என்றவுடன் இன்னொன்று. மின்னணுத் தராசுகள் மின்விசிறிக் காற்றுக்கும், அருகில் வைத்த கைபேசிக்கும் அளவு மாறுவதுண்டு. சூடேற நேரம் கொடுத்து, எடைக்கல்லால் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். கைபேசியை மேசையிலிருந்து அகற்றுவதில் ஐயாவோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், காரணம் வேறாக இருந்தாலும்.

புதுக்கை:
வீட்டில் ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நடுவில் கதவைத் தட்டினால் என்ன செய்வது? இழுத்த இழுப்பை முடித்துவிட்டு எழுந்திருப்பதா, அப்படியே நிறுத்துவதா?

வெள்ளைத்தாடி:
உண்மையான கேள்வி இதுதான். விபத்துக்கு விதை, கவனம் சிதறும் கணத்தைவிட, திரும்பி வந்து உட்காரும் கணத்தில் விழுகிறது. 'எங்கே விட்டோம்' என்று மனம் கேட்கும்; தெரியாவிட்டாலும் தெரிந்தது போல ஒரு விடையைச் சொல்லிவிடும். ஆகவே அந்தக் கேள்விக்கே இடம் தராதீர்கள். துளைப் பலகை முறையில், மருந்து போடாத கூடுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மருந்து போடும்போது மட்டும் நிமிர்த்துங்கள். எழுந்து போக நேர்ந்தால் எவை காலி என்று பலகையே சொல்லும். நிமிர்ந்து நிற்பவற்றில் ஐயமுள்ளதைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்து போடலாம்.

தரக்கட்டுப்பாடு:
இதில் ஐயாவோடு எனக்கு எள்ளளவும் வேறுபாடில்லை. புரோகிரசிவ் பிரஸ்ஸுக்கு வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன். டில்லன் 550 போன்ற பிரஸ்களில் ஷெல் பிளேட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும். சுழற்ற மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் இரண்டாம் முறை மருந்து விழும். தானாகச் சுழலும் பிரஸ்ஸில் அந்த மறதிக்கு இடமில்லை. ஆனால் பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சிக்கியது, கூடு சாய்ந்தது என்று பாதியில் கைப்பிடியை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும்போது அதே ஆபத்து பின்கதவு வழியாக வருகிறது. எனவே எந்தத் தடங்கலுக்கும் ஒரே விதி: மருந்து நிலையிலும் அதற்கடுத்த நிலையிலும் உள்ள கூடுகளை வெளியே எடுத்து, மருந்தைக் கொட்டி, புதிதாகத் தொடங்க வேண்டும். சரியாக இருந்திருக்கலாம் என்று தோன்றினாலும் கொட்ட வேண்டும். நஷ்டம் சில காசு.

குழந்தை இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். சுட்ட கூடுகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் உருளைக் கருவியின் தூசியில் ஈயம் இருக்கிறது; பிரைமரின் ஈயச் சேர்மம் விட்டுச்செல்லும் எச்சம் அது. அதை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. கையைக் கழுவாமல், சட்டையை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. மேசையில் காபிக் கோப்பைக்கும் இடமில்லை.

சுழல்துப்பாக்கி:
மேசையில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும் என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. பெயர்கள் ஏமாற்றும். வின்செஸ்டர் 231-உம் ஹாட்ஜ்டன் ஹெச்பி-38-உம் இரண்டு பெயரில் விற்கும் ஒரே மருந்து. ஆனால் ஹெச்4350-உம் ஐஎம்ஆர் 4350-உம் ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு வெவ்வேறு மருந்துகள். வேலை முடிந்ததும் ஹாப்பரில் (பிரஸ்ஸின் மருந்துக் கலத்தில்) மிஞ்சியதை அன்றே அதன் புட்டியில் சேர்த்துவிட வேண்டும். மறுவாரம் வந்து பார்த்து, நிறத்தை வைத்து இன்ன மருந்து என்று ஊகிப்பவரோடு நான் ஒரே சுடுதளத்தில் நிற்க மாட்டேன்.

நெறியாளர்:
இந்த இழை அமெரிக்காவில், சொந்தப் பயன்பாட்டுக்காக நிரப்புவோரைப் பற்றியது. அங்கும் விற்பனைக்கென்று செய்தால் கூட்டாட்சி உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும். அளவு விவரங்களை யாரும் இங்கே பதிய வேண்டாம். மருந்துத் தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

புதுக்கை:
நன்றி. ஒற்றை நிலைப் பிரஸ், துளைப் பலகை, இடத்தை அடைக்கும் மருந்து என்று தொடங்குகிறேன். குழந்தை தூங்கிய பிறகு உட்காரலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளைத்தாடி:
குழந்தை தூங்கிய பிறகு என்றால் நீங்களும் தூங்க வேண்டிய நேரம். அலுவலகம் முடிந்த களைப்போடு இரவு பதினோரு மணிக்கு உட்காருவது, வர்ணனை கேட்டுக்கொண்டு செய்வதைவிட மோசம். சனிக்கிழமை காலையில் ஒரு பலகை முடித்தாலும் போதும்.

தரக்கட்டுப்பாடு:
களைப்பு விஷயத்தில் ஐயா சொல்வது சரி. வர்ணனையைப் பற்றி என் கருத்து மாறவில்லை. சரிபார்ப்பு இல்லாத மௌனத்தைவிட, சரிபார்ப்பு உள்ள இரைச்சல் மேல்.

வெள்ளைத்தாடி:
என் கருத்தும் மாறவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், இது சுடுதளத்துக்கானது. மருந்தில்லாத தோட்டாவில் பிரைமரின் உந்துதலே குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடப் போதும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். 'டப்' என்று மெலிந்த ஓசை கேட்டால், துப்பாக்கியை இலக்கின் திசையிலேயே பிடித்தபடி நிறுத்துங்கள். சிறிது நேரம் பொறுத்து, தோட்டாக்களை முழுதும் இறக்கிவிட்டு, குழலுக்குள் பாருங்கள்.

தரக்கட்டுப்பாடு:
காதடைப்பானின் மேல் காதுமூடியும் போட்டிருப்பவருக்கு அந்த மெலிந்த ஓசை கேட்காமலே போகலாம். கையில் உதைப்பு குறைந்ததா, காகிதத்தில் புதிய துளை விழுந்ததா என்பதையும் பாருங்கள். நேரக் கணக்குப் போட்டியில் வேகமாகச் சுடும்போது இரண்டையும் கவனிக்க முடியாது. அங்கே பக்கத்தில் நிற்கும் ரேஞ்ச் அதிகாரி 'நிறுத்து' என்று கத்தினால், ஏன் என்று கேட்காமல் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.