ஸ்ரீராமபுரம் வீடு (குடும்பக் குரூப்)

சனிக்கிழமை

7:42 மாலை
கவிதா: எல்லாரும் ஒரு நிமிஷம் இதப் பாருங்க. ஆயா காலையிலேருந்து ஒரே பிடியா இருக்காங்க. விதான சௌதாவ, அதான் நம்ம பெங்களூரு சட்டசபைக் கட்டடத்த, உள்ள போய் ஜனங்க சுத்திப் பாக்கறத டிவில காட்டிட்டாங்க. "நானும் போகணும், உங்க தாத்தா அடிச்ச கல்ல தொட்டுப் பாக்கணும்"னு சொல்றாங்க. எழுபது வருஷமா ரோட்டுலருந்துதான் பாத்திருக்காங்களாம்

பாபு: போலாம்
பாபு: எப்ப
தீபா: ஐயோ ஆயா ❤️
சாந்தி சித்தி: முட்டி?
கவிதா: அதான் யோசனையே சித்தி. வீல்சேர் விடுவாங்களான்னு திங்கக்கிழமை போன் பண்ணிக் கேக்கறேன்
பாபு: வண்டி நான் எடுத்துட்டு வரேன்

7:58
சேகர் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். போவதற்கு முன் பிள்ளைகள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1951 ஜூலை 13ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது முதலமைச்சர் கே.சி. ரெட்டி. அடுத்து வந்த கெங்கல் அனுமந்தையா பழைய திட்டத்தை மாற்றிப் பெரிதாக்கினார். நம் ஊர்க் கோயில், அரண்மனை மாதிரி கல்லில் எழும்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். தலைமைப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம். மல்லசந்திரா, ஹெசரகட்டா பக்கம் வெட்டிய கல். முன்பக்கம் 12 தூண்கள், ஒவ்வொன்றும் 40 அடி. படிகள் 45. 1956இல் வேலை முடிந்தது. கல்தச்சர், கொத்தனார், மரவேலைக்காரர் சேர்ந்து சுமார் 1,500 பேர். அது தவிர மற்ற வேலைக்கு 5,000 பேர், அதில் பெரும்பாலும் ஜெயில் கைதிகள். கட்டி முடித்ததும் அவர்களுக்கு விடுதலை கொடுத்தார்கள். (தொடரும்)

பாபு: சித்தப்பா டிக்கெட் எவ்ளோ
சேகர் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

8:03
மல்லிகா அத்தை: சேகர் அந்த கைதி சமாச்சாரம் இங்க எதுக்கு
சேகர் சித்தப்பா: அக்கா, அது சரித்திரம்.
மல்லிகா அத்தை: உனக்கு சரித்திரம். என் கல்யாணப் பேச்சு ரெண்டு தடவ நின்னு போனப்ப நீ அரை டிராயர் போட்டுட்டு கோலி ஆடிட்டிருந்த. குரூப்ல சம்பந்தி வீட்டு ஆளுங்களும் இருக்காங்க
தீபா: அத்தை எங்க வீட்ல யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க
தீபா: எனக்கு இது தெரியவே தெரியாதே. என்ன விஷயம்?
சாந்தி சித்தி: அப்புறம் பேசலாம் தீபா
பாபு: டிக்கெட்

8:11
கவிதா: நான் பாத்துட்டேன் பாபு. பெரியவங்களுக்கு 50 ரூபா. ஞாயித்துக்கிழமையும், ரெண்டாவது நாலாவது சனிக்கிழமையும்தான். சுற்றுலாக் கழகத்தோட வெப்சைட்ல முன்னாடியே புக் பண்ணணும். ஆதார் கையில இருக்கணும். கைடு கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் சொல்வாங்க
பாபு: ஆயாவுக்கு கன்னடம் நம்மள விட நல்லா வரும்
சாந்தி சித்தி: நடக்கணுமா?
கவிதா: ஒண்ணரை மணி நேரம் சித்தி
சாந்தி சித்தி: அம்மாவால முடியாது

சேகர் சித்தப்பா: மெட்ரோதான் சரி. ஸ்ரீராமபுரத்தில் பச்சை லைனில் ஏறினால் ரெண்டாவது ஸ்டேஷன் மெஜஸ்டிக். அங்கே இறங்கி ஊதா லைன் மாற வேண்டும். அதிலும் ரெண்டாவது ஸ்டேஷன்தான், அம்பேத்கர் பெயரில் இருப்பது. வெளியே வந்தால் எதிரே விதான சௌதா. பக்கத்தில் விகாச சௌதா, அது 2005இல் திறந்தது, பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்பாக இருப்பது அட்டார கச்சேரி, இப்போது ஹைகோர்ட்.
பாபு: மெஜஸ்டிக்ல லைன் மாற ஆயாவ நடக்க வெப்பீங்களா. கார்தான்
சேகர் சித்தப்பா: பார்க்கிங் எங்கே?
பாபு: நான் எறக்கி விட்டுட்டு சுத்திட்டு இருப்பேன்
சாந்தி சித்தி: அப்ப நீ உள்ள வர மாட்டியா
பாபு: 😐

8:26
தீபா: கண்ணு ஆபரேஷன் 18ஆம் தேதி தானே? அதுக்கு முன்னாடியா பின்னாடியா?
கவிதா: நான் முன்னாடின்னு நினைச்சேன்
மல்லிகா அத்தை: பின்னாடி. இப்ப இடது கண்ணுல புகை மாதிரிதான் தெரியுதாம். போய் என்னத்தப் பாப்பாங்க
சாந்தி சித்தி: ஆபரேஷன் ஆனா ஒரு மாசம் தூசி படக்கூடாதுன்னு சொல்லுவாங்க அண்ணி
மல்லிகா அத்தை: அப்ப ஒரு மாசம் கழிச்சு
கவிதா: அத்தை ஆயாவுக்கு 86. ஒரு மாசம் கழிச்சுன்னு சொன்னா மூஞ்சி வாடிப் போகுது
மல்லிகா அத்தை: எங்கம்மா வயசு எனக்குத் தெரியும் கவிதா

தீபா: சைடு மேட்டர். பாப்பா காதுகுத்துக்கு வாங்கின பெரிய பாத்திரம் யார் வீட்ல இருக்கு? வாடகைக் கடைக்காரர் போன் மேல போன்
சாந்தி சித்தி: எங்க வீட்ல ஒண்ணு
பாபு: இன்னொண்ணு என் டிக்கில
தீபா: ரெண்டு வாரமாவா!!
பாபு: நாளைக்குக் குடுத்துடறேன்

8:40
கவிதா: ஆயா வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னாங்க. நான் பேச்ச எடுத்ததும் அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க. மல்லிகா அத்தை கோவிச்சுக்காதீங்க
கவிதா: (வாய்ஸ் மெசேஜ் 1:52)
தீபா: பாப்பா தூங்கறா, எழுதேன் ப்ளீஸ்

8:49
கவிதா: அவங்க சொன்னபடியே எழுதறேன்: "கைதிங்கள லாரில கொண்டாந்து எறக்குவாங்க. பாதி பேருக்கு உளி பிடிக்கவே தெரியாது. உங்க தாத்தாதான் பக்கத்துல குந்தி சொல்லிக் குடுப்பாரு. எனக்குப் பதினாறு வயசு, கல்யாணமாகி வந்த புதுசு. தூக்குல கேப்பக்களியும் கீரையும் கொண்டு போவேன். அதுல பாதிய ஒருத்தனுக்குக் குடுத்துடுவாரு. காவல்காரர் அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்குவாரு. அவங்களோட ஒண்ணா குந்தித் தின்னதாலதான் இவரும் கைதின்னு ஊருல போய்ச் சொல்லிட்டாங்க. சொன்னவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. இவரு கடைசி வரைக்கும் இல்லன்னு மறுத்துப் பேசல. அந்த மனுசன் பட்டினியா நிக்கறப்ப நான் தனியா தின்னா செரிக்குமான்னு கேப்பாரு"

தீபா: 😭
பாபு: தாத்தா 🙏
சேகர் சித்தப்பா: இதை எனக்கே சொன்னதில்லை.
சாந்தி சித்தி: யாரு கேட்டோம்

9:05
சாந்தி சித்தி: அண்ணி இருக்கீங்களா
மல்லிகா அத்தை: இருக்கேன்
மல்லிகா அத்தை: அந்தத் தூக்கு என்கிட்டதான் இருக்கு. பித்தளத் தூக்கு. அரிசி அளந்து வெக்கிறேன்

9:10
கவிதா: இன்னொண்ணு சொன்னாங்க. தாத்தா அடிச்சது தூண் இல்லையாம். படிக்கல்லு. கோர்ட்டப் பாத்த பக்கம் ஏறுவோமே, அந்தப் படி. "ஏற வேண்டாம், கீழ்ப்படில கை வெச்சா போதும்"ங்கறாங்க
சாந்தி சித்தி: அப்ப முட்டிக்குப் பிரச்சனை இல்ல
பாபு: ஆனா அந்தப் படிகிட்ட விடுவாங்களா? டூர் எந்தப் பக்கமா போகுதுன்னு பாக்கணும்
சேகர் சித்தப்பா: கிழக்கு முகம். அதுதான் பெரிய படிக்கட்டு, அகலம் மட்டும் 200 அடிக்கு மேல். எந்தக் கல் அப்பா அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
கவிதா: எதத் தொட்டாலும் அவர் கை பட்டதுதான்னு சொல்றாங்க சித்தப்பா

9:17
பெரியப்பா: மிதிக்கிற கல்லுக்குத்தான் வேலை அதிகம்னு அப்பா சொல்லுவார். வழவழன்னு விட்டா மழையில வழுக்கும். ரொம்பப் பொளிஞ்சா காலக் கிழிக்கும். அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும்னு சொல்லுவார். அந்தத் தூசிதான் அவர் நெஞ்சுல நின்னுது. கடைசி ரெண்டு வருஷம் படுத்துத் தூங்கினதே இல்ல, உக்காந்தபடியேதான் தூங்கினார்.

தீபா: பெரியப்பா நீங்க குரூப்ல எழுதி எவ்ளோ நாளாச்சு

9:21
கவிதா: பெரியப்பா ஆயா உளியக் கேக்கறாங்க. அத எடுத்துட்டுப் போய் அந்தப் படி மேல ஒரு நிமிஷம் வெக்கணுமாம்
சேகர் சித்தப்பா: உளி எங்கே இருக்கிறது? வீட்டைப் பிரித்தபோது சாமானோடு எடைக்குப் போட்டாகிவிட்டதே.
சாந்தி சித்தி: ஏங்க, இப்ப அது வேணாம்
சேகர் சித்தப்பா: நான் உண்மையைத்தான் சொல்கிறேன். 11 வருஷமாகச் சொல்கிறேன்.
பாபு: செக்யூரிட்டில உளி எல்லாம் விட மாட்டாங்க. மெட்ரோவுலயே பையை மெஷின்ல போடணும்

9:38
பெரியப்பா: (படம்)
பெரியப்பா: எடைக்குப் போடல. தேங்கா எண்ண தடவித் துணியில சுத்தி வெச்சிருக்கேன். ஒரு ஜாண் நீளம் இருந்தது. முனை மழுங்க மழுங்கப் பட்டறையில காய்ச்சி அடிச்சு அடிச்சு நாலு விரக்கட ஆயிடுச்சு. தலையில சுத்தி பட்டுப் பட்டுப் பூ மாதிரி விரிஞ்சிருக்கு பாருங்க.

9:40
கவிதா: ஆயாகிட்ட காட்டினேன். போனைக் கண்ணுகிட்ட வெச்சுக்கிட்டுப் பாக்கறாங்க. திருப்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க
தீபா: போட்டோ எடு
கவிதா: போன் அவங்க கையில இருக்கு, எப்படி எடுப்பேன். இது அம்மா போன்ல டைப் பண்றேன்

9:46
சேகர் சித்தப்பா: அண்ணா, நாளைக்கு வீட்டுக்கு வரலாமா?
பெரியப்பா: வா. மத்தியானம் சாப்பாடு இங்கதான்.

9:52
பாபு: சரி. உளிய கார்ல வெச்சிருக்கலாம். நான்தான் சுத்திட்டு இருப்பேனே. படியத் தொட்ட கையோட வந்து உளியத் தொடட்டும்
தீபா: பாபு 👏
சாந்தி சித்தி: 18க்கு முன்னாடி எத்தன ஞாயிறு இருக்கு
கவிதா: ரெண்டு
மல்லிகா அத்தை: முதல் ஞாயிறு அமாவாசை
சேகர் சித்தப்பா: அமாவாசை நல்ல நாள்தானே அக்கா. அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.
மல்லிகா அத்தை: படையல் போட்டுட்டு எத்தன மணிக்குக் கிளம்புவ
கவிதா: சாயங்காலம் வரைக்கும் டூர் இருக்கு அத்தை
பாபு: ஞாயிறு ராத்திரி லைட்டு போடுவாங்க. அதையும் பாத்துட்டு சிவாஜிநகர்ல பிரியாணி
சாந்தி சித்தி: அமாவாசைல பிரியாணியா
பாபு: அப்ப ரெண்டாவது ஞாயிறு
தீபா: ரெண்டாவது ஞாயிறு எனக்கு ட்யூட்டி 🙁

10:04
கவிதா: டிக்கெட் எத்தனை போடறது? ஆயா, நான், சித்தப்பா, சித்தி, பெரியப்பா. அஞ்சா? தீபா வந்தா ஆறு
பாபு: என்ன கழிச்சுட்டீங்களா
மல்லிகா அத்தை: ஓசூர்லருந்து காலையில எத்தன மணிக்கு பஸ் இருக்கு
கவிதா: வரீங்களா அத்தை??
மல்லிகா அத்தை: பஸ் கேட்டேன். வரேன்னு இன்னும் சொல்லல
மல்லிகா அத்தை: தூக்குல களி எடுத்துட்டு வந்தா உள்ள விடுவாங்களான்னும் அந்தப் போன்ல கேளு