வீட்டு வரி மூன்று மடங்கு ஏறிவிட்டது, உதவி தேவை

மொட்டைமாடி: அவசரம். போன தடவை 1,400 கட்டினேன். இப்போது இணையத்தில் 4,200 காட்டுகிறது. 1,100 சதுர அடி வீடு, புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. மறுபடி அளக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?

கீழ்வீடு: எந்த ஊர்? வீடா, கடையா? 1,400 அரையாண்டுக்கா, வருடத்துக்கா? ஒன்றுமே சொல்லவில்லையே.

ரசீதுக்கட்டு: வாடகைக்கு விட்டிருப்பீர்கள். அதற்குத்தான் 100 சதவீத உயர்வு.

கீழ்வீடு: அது 2018 கதை ஐயா. சொந்தக் குடியிருப்புக்கு 50, வாடகைக்கு 100 என்று போட்டு, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். இந்த 2022 உயர்வில் வீடுகளுக்குப் பரப்பளவுதான் கணக்கு.

பழைய வார்டு: பத்து தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. சென்னையில் 600 சதுர அடி வரை 50, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். ஆக உங்களுக்கு 2,450. மீதி பழைய பாக்கி. ரசீதை ஒழுங்காக எடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மொட்டைமாடி: அம்பத்தூர். அரையாண்டுக்குத்தான். பாக்கி ஒரு பைசா கிடையாது.

கீழ்வீடு: அப்படியானால் 75-ம் இல்லை. அம்பத்தூர் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கே 25, 50, 75, 100. உங்களுக்கு 50 சதவீதம், அதாவது 2,100. 4,200 என்பது சரியாக இரண்டு 2,100. இரண்டு அரையாண்டைக் கூட்டிக் காட்டுகிறதா, பாருங்கள்.

பழைய வார்டு: ஊரை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரசீதுக்கட்டு: 50 மட்டும் நியாயமா? எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடையே வரவில்லை.

தண்ணீர்லாரி: பழைய சென்னையில் 1998-க்கு அப்புறம் ஏற்றியது எதுவும் நிலைக்கவில்லை. குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று மத்திய அரசின் 15-வது நிதிக்குழு வேறு சொல்லிவிட்டது. குப்பை அள்ளுபவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

ரசீதுக்கட்டு: இருபத்துநாலு வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து கேட்டால்? என் பென்ஷன் அப்படி எழுந்திருக்கவில்லையே.

தண்ணீர்லாரி: அப்போ வருடா வருடம் கொஞ்சம் ஏற்றினால் சம்மதமா?

ரசீதுக்கட்டு: முதலில் சாக்கடை வரட்டும்.

மொட்டைமாடி: பார்த்துவிட்டேன். ஏப்ரல்–செப்டம்பரும் சேர்ந்திருக்கிறது. நான் கட்டியதாக நினைத்தேன். நீங்கள் கட்டுவதாகச் சொன்னீர்கள் என்கிறாள் வீட்டுக்காரி. கட்டியாயிற்று. நன்றி.

பழைய வார்டு: அதாவது பாக்கி.