தளத்துக்குப் பிளாஸ்டிக் சென்ட்ரிங் பலகை: முட்டுகளைக் குறைக்கலாம் என்கிறார்கள், உண்மையா?

புளியரைவாசி:
செங்கோட்டையை அடுத்த புளியரையில் 900 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் லிண்டலுக்கு மேல் எழும்பிவிட்டது. அடுத்து கான்கிரீட் கூரைத் தளம் போட வேண்டும். எங்கள் பகுதியில் கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் அச்சாக (சென்ட்ரிங்) 3-க்கு 2 அடி இரும்புத் தகடுகளை வரிசையாக அடுக்கி, கழிவு ஆயில் தடவித்தான் இதுவரை தளம் போட்டு வருகிறார்கள். இப்போது புனலூர்ப் பக்கத்திலிருந்து வரும் தட்டடி (சென்ட்ரிங்) வேலைக்காரர் ஒருவர், 8-க்கு 4 அடி பிளாஸ்டிக் பலகைகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பலகை இலேசாக இருப்பதால் கீழே நிறுத்தித் தாங்கும் முட்டு குறைவாகப் போதும் என்றும், கான்கிரீட் அதில் ஒட்டாது என்பதால் 5-ஆம் நாளே எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றும் அவர் கூறுகிறார். வாடகை நாள் கணக்கில் ஏறுவதால் கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. தளத்தின் கனம் 5 அங்குலம், பெரிய அறையின் குறுக்களவு 13 அடி, சிமெண்ட் பிபிசி (பொசோலானா கலந்த போர்ட்லண்ட் சிமெண்ட்). ஆனி மாதம் சாரல் தொடங்கிய பிறகுதான் போட முடியும் போலிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குழித்துறைப் பொறியாளர்:
பலகை இலேசாக இருப்பதற்கும் முட்டுகளின் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முட்டு தாங்குவது பச்சைக் கான்கிரீட்டை. 900 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால் ஏறத்தாழ 10.5 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். கம்பியோடு சேர்த்து அதன் எடை 26 டன். அதன் மேல் ஆட்கள் நடக்கிறார்கள், வைப்ரேட்டர் ஓடுகிறது, சட்டியில் வரும் கலவை ஒரே இடத்தில் குவிகிறது. இதற்கு முன்னால் தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள எடை வேறுபாடு கணக்கிலேயே வராது.

சொல்லப்போனால் பிளாஸ்டிக்கில் கூடுதலாகத்தான் தாங்கல் கொடுக்க வேண்டும். இந்தப் பலகைகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அதே கனமுள்ள பிளைவுட்டைவிட எளிதில் வளையக்கூடியவை. ஆகவே பலகைக்குக் கீழே ஓடும் தாங்கு சட்டங்களான ரன்னர்களை நெருக்கமாக வைக்க வேண்டும். ரன்னர்களுக்கு இடையிலான தூரத்தை 16 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகக் குறைத்தால், பலகையின் தொய்வு கால்பங்கு மட்டும் குறையும் என்று நினைக்க வேண்டாம். தொய்வு தூரத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். நாலைந்து ரன்னர் கூடுதலாகப் போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நாள் கணக்குக்கு வருகிறேன். கான்கிரீட் வலுப்பெறுவது பலகையைப் பார்த்து அன்று, சிமெண்டையும் நனைப்பையும் பார்த்துத்தான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 456 : 2000, ஓபிசி எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, தளத்தின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம் என்கிறது, ஆனால் எடுத்த கையோடு தளத்துக்கு அடியில் முட்டுகளை மீண்டும் நிறுத்திவிட வேண்டும். முட்டுகளைப் பொறுத்தவரை, 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் ஆக வேண்டும். பிபிசி சிமெண்ட் மெதுவாக வலுப்பெறுவதால் இந்த நாள்களை, 7 நாளுக்கு 10 நாள் என்ற விகிதத்தில் கூட்டிக்கொள்வது நடைமுறை. உங்கள் 13 அடி என்பது 4 மீட்டருக்குள் வருவதால், பலகைக்கு 5 நாள், முட்டுகளுக்கு 10 நாள் என்று ஆகிறது. ஆக, அவர் சொன்ன 5-ஆம் நாள் முழுப் பொய் அன்று. "எல்லாவற்றையும்" என்ற சொல்தான் ஆபத்து.

முழு அறையையும் ஒரே மூச்சில் கழற்றிவிட்டுப் பிறகு முட்டுக் கொடுப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அறையின் நடுவில், நீளவாக்கில், ஓர் அடி அகலத்துக்குத் தனிப் பலகை வைத்து, அதற்கென்று தனி முட்டு வரிசையைத் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றப் பலகைகள் போனாலும் அந்த வரிசையை 10 நாளும் யாரும் தொடக்கூடாது.

கொழிஞ்சாம்பாறை வாடகைக் கடை:
அண்ணாச்சி, இந்தப் பலகைகளை வாடகைக்கு விடுபவன் என்ற முறையில் சொல்கிறேன். பலகை நல்ல பொருள்தான். தண்ணீரில் உப்பாது, துருப்பிடிக்காது, கழிவு ஆயில் தேவையில்லை. ஆனால் முதல் வேலையில் நானே தவறு செய்தேன். தகட்டுக்கு வைத்த பழைய இடைவெளியிலேயே ரன்னரை ஓட்டினேன். கழற்றிய அன்று ஒன்றும் தெரியவில்லை. மாலை வெயில் சன்னல் வழியாகப் படுக்கைவாக்கில் விழுந்தபோதுதான், கூரையின் அடிப்பக்கம் முழுவதும் ரன்னருக்கு ரன்னர் அலை அலையாகத் தொங்குவது தெரிந்தது. பூச்சுக்கான கூடுதல் செலவு என் தலையில் விழுந்தது.

இன்னொன்று வெயில். பிளாஸ்டிக் இரும்பைவிட ஏறத்தாழ 10 மடங்கு விரியும். வெப்பம் 20 டிகிரி ஏறினால் 8 அடிப் பலகை சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். விடியற்காலையில் இறுக்கி அடித்தால், எங்கள் பாலக்காட்டு வெயிலுக்கு நண்பகலில் இணைப்புகள் மேலெழும்பி நிற்கும். சிறிது இடைவெளி விட்டு, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சிமெண்ட் பால் ஒழுகி, கீழே ஜல்லி பல்லிளிக்கும். கம்பி வெல்டிங் செய்யும் வேலையைப் பலகையின் மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். பொறி விழுந்த இடத்தில் ஓட்டைதான்.

கூரையின் அடிப்பக்கம் கண்ணாடி போல வரும். அதில் சிமெண்ட் பூச்சு பிடிக்காது. பூசுவதாக இருந்தால், பலகை எடுத்த அன்றே, கான்கிரீட் மேலும் இறுகுவதற்கு முன், கொத்திவிடச் சொல்லுங்கள். பூச்சே வேண்டாம், பட்டி போதும் என்றால் உங்களுக்கு அது இலாபம்.

கம்பத்துக்காரன்:
சாரலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நனைந்த பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும். கம்பி கட்டுபவர்களுக்கு நடைப்பலகை போட்டுக்கொடுங்கள். மழைநீர் பலகையில் ஊறாமல் அப்படியே தேங்கும் என்பதால், கலவை கொட்டும் முன் அதை வடித்தாக வேண்டும். இவை இரண்டையும்விட முக்கியமானது முட்டின் அடி. தரைக்குள் நிரப்பிய மண் சாரலில் ஊறிக் கிடக்கும்போது, 26 டன்னும் முட்டுகளின் வழியாக அதன்மேல்தான் இறங்கும். ஒவ்வொரு முட்டுக்கும் கீழே அகலமான பலகைத் துண்டு வையுங்கள். உடைந்த செங்கல்லை அண்டக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள்.

புளியரைவாசி:
மூவருக்கும் நன்றி. தட்டடிக்காரரிடம் பேசினேன். நடுவரிசை முட்டுகளை 10 நாள் விடுவதற்கும், ரன்னரை 12 அங்குலத்துக்கு ஒன்றாக வைப்பதற்கும் சற்று முகம் சுளித்தபின் ஒப்புக்கொண்டார். பலகைக்கும் முட்டுகளுக்கும் வாடகையைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டோம். ஓர் ஐயம் மீதியிருக்கிறது. முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் 14 அடி பீம் ஒன்று வருகிறது. அதற்கும் இதே 10 நாள்தானா?

குழித்துறைப் பொறியாளர்:
இல்லை. பீமின் பக்கப் பலகையை மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுக்கலாம். அடிமுட்டுகளுக்கு, 6 மீட்டர் வரையுள்ள பீம் என்றால் ஓபிசிக்கே 14 நாள். உங்கள் பிபிசிக்கு 20 நாள். அந்த முட்டுகளை வாடகைக் கணக்கில் இப்போதே தனியாக எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 10-ஆம் நாள் வண்டி வரும்போது அவற்றையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.