ஆச்சி பேசவே மாட்டேங்குறாக, நான் சொன்னதுல என்ன தப்பு?

வீட்டுநர்ஸ்_காரைக்குடி:
ஜிஎன்எம் நர்ஸிங் டிப்ளமா முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு வீட்ல 72 வயசு ஆச்சிக்கு தினமும் டிரெஸ்ஸிங் பண்ணப் போறேன். சுகர், வலது கால் கட்டைவிரல் எடுத்தாச்சு. வைகாசி வெயில்ல கோயில் பிரகாரத்த வெறுங்காலோட சுத்திருக்காக, கால்ல உணர்ச்சி இல்லாததால கல்லு சுட்டதே தெரியல, கொப்பளம் வந்து புண்ணாகி இதுல கொண்டாந்து விட்ருச்சு. இப்ப புண்ணு நல்லா ஆறிட்டு வருது, அதுல குறையில்ல.

போன வாரம் கட்டுப் பிரிக்கைல "இந்தக் கால வச்சுக்கிட்டு இனி என்னத்த நடக்குறது"ன்னாக. எனக்குப் பதறிப்போச்சு, "ஒண்ணும் ஆகாது ஆச்சி, எத்தனை பேருக்கு முழங்கால் வரைக்கும் எடுத்துருக்காக தெரியுமா"ன்னு சொல்லிட்டேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அன்னையிலருந்து ஒரு வார்த்தை இல்ல, இன்சுலின் போடப் போனா முகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறாக. பிள்ளைக எல்லாம் வெளிநாடு, சமையலுக்கு ஒரு அக்கா மட்டும்தான். என்ன பண்றது?

ரிட்டயர்டு சிஸ்டர்:
தங்கச்சி, அந்த "ஒண்ணும் ஆகாது"தான். அவுக பயத்தச் சொல்ல வாயத் தொறந்தாக, நீ மூடிட்ட. அடுத்தவுக கால் போன கதை அதவிட மோசம். நர்ஸிங் பாடத்துல வர்ற ஹில்டகார்ட் பெப்லாவ் அம்மா 1952லயே நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே வைத்தியத்துல ஒரு பங்குன்னு எழுதிட்டாக, நாம அத மார்க்குக்குப் படிச்சதோட சரி.

நாளைக்குப் போனதும் கட்டுல கை வைக்காத. ஸ்டூல இழுத்துப் போட்டு அவுக கண்ணு மட்டத்துக்கு உக்காரு. "அன்னைக்கு நடக்குறதப் பத்திச் சொன்னீக, நான் முழுசாக் கேக்காமப் பேசிட்டேன் ஆச்சி"ன்னு சொல்லிட்டு சும்மா இரு. அந்தச் சும்மா இருக்குறதுதான் நமக்கு வராது, கை எதையாவது தேடும். "ஏன் பேசமாட்டேங்குறீக"ன்னு மட்டும் கேக்காத, போலீஸ் விசாரணை மாதிரி ஆயிரும்.

வார்டு_நைட்டூட்டி:
கேக்க நல்லாருக்கு சிஸ்டர், ஆனா நாலு வீடு ஓடுற பொண்ணுக்கு உக்காந்து பேச நேரம் ஏது?

ரிட்டயர்டு சிஸ்டர்:
தனியா நேரம் வேணாம்ப்பா, டிரெஸ்ஸிங் ஆகுற இருவது நிமிஷம் போதும், நாம போன் பேசாம இருந்தா. இன்னொண்ணு தங்கச்சி, சாப்பிடுறது குறைஞ்சிருக்கான்னு சமையல் அக்காகிட்ட கேளு. இன்சுலினப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் 70க்குக் கீழ இறங்கிரும். தூக்கமில்ல, செத்தா தேவலைன்னு பேச்சு வந்தா உனக்குள்ளயே வச்சுக்காத, டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் உடனே சொல்லிரு.

வீட்டுநர்ஸ்_காரைக்குடி:
அக்கா, உக்காந்தேன். ரொம்ப நேரம் சுவத்தையே பாத்துட்டு இருந்தாக, எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போச்சு. அப்பறம் மெதுவா, "மார்கழில பிள்ளையார் நோன்பு வருது, வளவுக்குப் போயி நின்னு இழை எடுத்துக்க முடியுமா"ன்னாக. வளவுன்னா வீட்டு உள்முற்றம், இழைன்னா நோன்பன்னைக்கு மாவுல திரி வச்சு ஏத்தி வாங்கிக்கிறது. அவ்வளவுதான் அக்கா, நான் என்னென்னமோ நெனச்சேன்! முகப்புலருந்து வளவுக்குப் போற நிலைப்படி முழுசா ஒரு சாண் ஒசரம், அதத் தாண்டுறதுதான் இத்தன நாளா மனசுல கெடந்துருக்கு. முடியும்னு நான் சொல்லல, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன். இன்சுலினுக்கு வயித்த அவுகளே காட்டுனாக.

டாக்டர் வாக்கர் பிடிச்சு பழகலாம்ட்டாரு, ஆனா வீட்டுக்குள்ளயும் எம்சிஆர் செருப்பு (சுகர்காரவுகளுக்கான மெத்து ரப்பர் செருப்பு) கட்டாயமாம். அதச் சொன்னதும் "வளவுல செருப்பா, சாமி கும்புடுற எடம்டி அது"ன்னு சண்டைக்கு வர்றாக. இதுக்கு யாராச்சும் வழி சொல்லுங்களேன்.

தேவகோட்டை_பேரன்:
எங்க அப்பத்தாவுக்கும் இதே சண்டைதான். புதுசா ஒரு ஜோடி வாங்கி, தெருவுல கால் வைக்காத செருப்பு இது, வீட்டுக்கு மட்டும்னு அவுக கையாலயே பிரிக்கச் சொன்னோம். சாமி அறை வாசல்ல மட்டும் கழட்டுவாக, நாங்க அங்க ஒரு சேர் போட்டு வச்சிட்டோம்.