மா போல மண், ஆனால் தண்ணி இறங்காது: பள்ளக்காணி அனுபவங்களைச் சொல்லுங்கள்

தம்பலகாமத்துக் குத்தகைக்காரன்

மூன்று வருசத்துக்கு முன் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் பள்ளத்தில் கிடந்த இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். காணியைப் போய்ப் பார்த்தது ஆவணி மாதம். மேல்மண் வெளிறிய சாம்பல் நிறம், தட்டுத் தட்டாக வெடித்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து நசுக்கினால் கோதுமை மா மாதிரி விரலுக்குள்ளால் வழிந்தது. கல்லும் இல்லை, பரலும் இல்லை. இவ்வளவு மென்மையான மண்ணில் எதுவும் வேர் விடும் என்று நம்பி, ஒன்றரை ஏக்கரில் நெல் வேளாண்மையும் மேற்குப் பக்க அரை ஏக்கரில் மிளகாயும் செய்தேன்.

கார்த்திகை மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. வரம்பை வெட்டித் தண்ணியைத் திறந்து விட்டேன். மேலே நின்றது வடிந்துவிட்டது, ஆனால் நிலம் இறுகவில்லை. ஒரு கிழமை கழித்தும் காலை வைத்தால் கணுக்கால் வரை போனது. மிளகாய்க் கன்றுகள் அடியிலை மஞ்சளாகி, உச்சி வெயிலில் தண்ணி இல்லாத செடி போல வாடி நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன். வேரின் தோல் கையோடு உரிந்து வந்தது, கூழ்முட்டை நாற்றம். தண்ணிக்குள் நின்ற செடி தாகத்தில் வாடியதைப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

மறுநாள் மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் மண். அதற்குள் துருப்பிடித்த ஆணியை வைத்து எடுத்த மாதிரிச் செம்மஞ்சள் கோடுகள். ஆவணியிலேயே இந்தக் குழியை வெட்டியிருந்தால் மிளகாய்க்குப் போட்ட காசு மிஞ்சியிருக்கும். இப்படிப்பட்ட மண்ணோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மூதூர் மேசன்

தம்பி, நான் வயல் செய்யிறவன் இல்ல, வீடு கட்டுறவன். ஆனா உங்கட மண்ணை எனக்கு நல்லாத் தெரியும். கொட்டியாரக்குடாப் பக்கம் மகாவலி ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்ல, அதாவது மணலை விடச் சின்ன, களியை விடப் பெரிய துகள் உள்ள மண்ணுல, எத்தனையோ அத்திவாரம் வெட்டியிருக்கிறன். மாரியில குழி வெட்டினா பக்கச்சுவர் நிக்காது. பின்னேரம் நேரா வெட்டிவிட்டுப் போனா விடிய வந்து பாக்கக்குள்ள அடியில கூழ் ஊறிக் குழி பாதி ஆழம்தான் இருக்கும்.

நான் ஒரு சோதனை பாப்பன். ஈரமண்ணைத் தோசை மா பதத்துக்குக் குழைச்சு, உள்ளங்கையில அடைமாதிரி வச்சு, மற்றக் கையால தட்டுவன். வண்டல்னா மேல தண்ணி வந்து பளபளக்கும். விரலால நசுக்கினா அந்தப் பளபளப்பு உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். களி அப்படிச் செய்யாது, அது ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

இந்த மண்ணில கட்டுறவங்க ரெண்டு விசயத்தைக் கேட்டுக்கொள்ளுங்க. மலசலகூடக் குழி மாரியில தண்ணியைக் குடிக்காது, நிரம்பி மேல வரும், கிணத்தையும் கெடுக்கும். அதால மேட்டுல, கிணத்துக்குத் தூரமா வைக்கணும். அடுத்தது சுவர். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இந்த மண் கீழ இருக்கிற ஈரத்தை மேல இழுக்கும். அத்திவாரத்துக்கு மேல ஈரத்தடை போடாம கட்டின ஒரு வீட்டுல இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்ததைப் பாத்தன். அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டுல உழைச்ச காசு அது. இன்னும் மனசுக்குக் கஷ்டம்.

கிண்ணியா வீட்டுத்தோட்டம்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வளவும் இதே மண்தான். நான் பட்டது வெண்டி விதையில. போட்ட அன்றைக்கே பெரிய மழை, அடுத்த ரெண்டு நாள் நல்ல வெயில். மேல அப்பளம் மாதிரி ஒரு பட்டை பிடிச்சிட்டு. எட்டு நாளாகியும் முளை இல்ல. விதைதான் பழுது எண்டு நினைச்சு ஒரு இடத்துல பட்டையைத் தூக்கிப் பார்த்தா, உள்ளுக்குள்ள வெள்ளைக் குருத்து வளைஞ்சு வளைஞ்சு வழி தேடிக்கொண்டு கிடக்குது. பிள்ளைகள் மாதிரி இருந்தது, அழுகையே வந்திட்டு.

இப்ப ஒரு முழ உயரத்துக்குப் பாத்தி கட்டி, காய்ஞ்ச மாட்டெருவும் உமிக்கரியும் கலந்து, விதை போட்ட உடனே மெல்லிசா வைக்கோல் பரப்பிவிடுறன். மழைத்துளி நேரா மண்ணுல அடிக்காட்டிப் பட்டை பிடிக்காது. வாப்பா சொல்லித் தந்த இன்னொண்டு: ஈரமா இருக்கக்குள்ள பாத்திக்குள்ள காலே வைக்கக் கூடாது. மிதிச்ச இடம் காய்ஞ்சா ஓடு மாதிரி ஆகிடும்.

அல்லை உழவு மிசின்

அக்கா சொன்னது மிசினுக்கும் பொருந்தும். வெருகல் பக்கம் ஒரு வயலில் ஈரம் காய முதல் வெட்டு மெசினை இறக்கினோம். மழை வரப்போகுது என்று அவசரம். தடம் முழங்காலுக்குப் பதிந்தது. அடுத்த போகம் அந்தத் தடத்தில் மட்டும் தண்ணி நின்று பயிர் கட்டையாகவே நின்றது. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

தம்பி, நீங்கள் வெட்டிய குழியில் கண்ட நிறங்களைப் பற்றிச் சொல்கிறேன். மண்ணுக்குச் செம்மை கொடுப்பது இரும்பு. காற்றுப் படும்வரை அது துரு நிறத்தில் மண்துகளில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் தண்ணி நின்று ஒட்சிசன் தீர்ந்தால் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும், மண் வெளிறிச் சாம்பலாகும். வேர் போன துளை வழியே கொஞ்சம் காற்று இறங்கும் இடத்தில் மட்டும் மறுபடி துருவாகப் படியும். அதுதான் உங்கள் கோடுகள். ஆகவே கோடையில் வெட்டினாலும் மாரியில் தண்ணி எந்த உயரம்வரை நிற்கும் என்பதை அந்த நிறம் காட்டிவிடும்.

நமது வரண்ட வலயத்தில் மேட்டில் செங்கபில நிற மண், சரிவின் அடியில் இந்தச் சாம்பல் மண் என்பதுதான் ஒழுங்கு. இதை ‘லோ ஹியூமிக் கிளெய்’ (Low Humic Gley), அதாவது மக்கு குறைந்த, தண்ணி தேங்கி வெளிறிய மண், என்று வகைப்படுத்துவார்கள். வண்டல் துகள் 0.002 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை. மணலை விடச் சின்னது என்பதால் இடைவெளி ஒடுங்கித் தண்ணி மெதுவாக இறங்கும். களியைப் போல் ஒன்றோடொன்று இறுகக் கட்டிக்கொள்ளாததால் மழைக்குக் கரைந்து படியும். ஒரு போத்தலில் மண்ணும் தண்ணியும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் விழும், வண்டல் சில மணித்தியாலத்தில் படியும், களி மறுநாளும் கலங்கலாக நிற்கும்.

வாய்க்கால் ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். உழவு மிசின் எண்ணெய் என்று பலர் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். குச்சியால் தொடுங்கள். கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிந்தால் அது இரும்பு. எண்ணெய் என்றால் திரும்ப ஒன்று சேரும்.

நெல்லுக்குத் தண்டுக்குள்ளே காற்றறைகள் இருப்பதால் வேருக்கு மேலிருந்து காற்றுப் போகும், மிளகாய்க்கு அது இல்லை. ஆனால் கரைந்த இரும்பு மிஞ்சினால் நெல்லும் தாங்காது. அடியிலையில் நுனியிலிருந்து செம்புநிறப் புள்ளிகள் இறங்கும். அதை நோய் என்று மருந்தடிக்க வேண்டாம். சில நாள் தண்ணியை வடித்து நிலத்துக்குக் காற்றுக் கொடுங்கள். யூரியாவையும் காய்ந்து காய்ந்து நனையும் வயலில் ஒரேயடியாகப் போட வேண்டாம், தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடும்.

தம்பலகாமத்துக் குத்தகைக்காரன்

நன்றி ஐயா. போன பெரும்போகத்தில் அந்தச் செம்புப் புள்ளிக்கு இரண்டு தரம் மருந்து அடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது மேற்குப் பக்கத்தையும் வேளாண்மைக்கே விட்டுவிட்டேன். வரம்போரமாக இடுப்பளவு ஆழத்தில் ஒரு வடிகான் வெட்டிப் பெரிய வாய்க்காலோடு சேர்த்திருக்கிறேன். மேசன் அண்ணன் சொன்னது சரி, முதல் மழையிலேயே கரை சரிந்தது. கரையைச் சாய்வாக்கிப் புல் பதித்த பிறகுதான் நின்றது. மிளகாய் இந்த முறை வீட்டு வளவில், மேட்டில்.

பக்கத்துக் காணியைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு பொடியன் நேற்று வந்தான். கச்சான் போடப் போகிறானாம். மண்வெட்டியைக் கொடுத்து, நடுவில் ஒரு குழி வெட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு சாண் போனதும் அவனே நிமிர்ந்து, “அண்ணா, இது ஏன் இப்படி நீலமா இருக்கு?” என்று கேட்டான்.